அத்தியாயம் 7: கேட்டு அழுத்துங்கள் (சின்ன அறையில் மெட்டல் கச்சேரி)

ஆரம்பாக்கத்தில் மெட்டல் கச்சேரி நடப்பதில்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் வரும். அம்மன் ஊர்வலத்துக்குப் பறை செட்டு வரும். திருவிழா ராத்திரியில் கானாவோ மெல்லிசையோ வைப்பார்கள். கரகரக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரும் டபுள் பெடல் டிரம்ஸும் கேட்க வேண்டுமானால் சூலூர்பேட்டையிலிருந்து வரும் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் பழவேற்காட்டு ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கான இந்த வழிகாட்டியில் மெட்டல் கச்சேரிக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன். கல்யாண ஆர்டருக்காகக் கேமரா வாங்கியவர்கள் மேடைப் படம் எடுக்கப் போகும்போது, நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தங்களுக்குத் தெரியாது என்று தயங்குகிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கூட்ட நெரிசலில், ஜெனரேட்டர் வெளிச்சத்தில், காதைப் பிளக்கும் சத்தத்துக்கு நடுவே ஆடுகிறவரைப் படம் எடுத்துப் பழகியவருக்கு இந்த வேலையில் பாதி கைவந்திருக்கிறது. மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

எங்கே நடக்கிறது?

மெட்டல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய மைதானம். 2009-இல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு வாசித்தது; 2011-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தது. அப்படிப்பட்ட மேடைகளில் புகைப்படக்காரருக்குத் தடுப்புக்குப் பின்னால் தனி இடம் உண்டு. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

நாம் பேசப்போவது அதைப் பற்றி இல்லை. சென்னையின் மோக்‌ஷா, எஷர்ஸ் நாட் போன்ற குழுக்கள் வளர்ந்த உலகம் சின்னது. அடையாறில் இருந்த அன்வைண்ட் சென்டர் போன்ற இடங்கள்தான் இளம் ராக், மெட்டல் குழுக்களுக்கு மேடை கொடுத்தன. சின்ன அரங்கில் மேடையின் உயரம் முழங்கால் அளவு. சில இடங்களில் மேடையே கிடையாது. பாடுகிறவரின் வியர்வை உங்கள் லென்ஸில் தெறிக்கும். தடுப்பு இல்லை, தனி இடம் இல்லை, மூன்று பாட்டுக் கணக்கும் பெரும்பாலும் இல்லை. இருப்பது ஒரு சுவர், நான்கைந்து எல்இடி விளக்கு, குதிக்கும் கூட்டம்.

கண் தாமதிக்கும்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: பார்த்துவிட்டு அழுத்துவது. பாடகர் துள்ளுவதைப் பார்க்கிறார்கள், அழுத்துகிறார்கள், படத்தில் அவர் தரையில் நிற்கிறார்.

கணக்கு எளிது. கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. அதற்கு மேல் கேமராவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 180 தாளம் ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இருப்பது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணை நம்பி அழுத்தினால் அந்தத் தட்டு ஏறத்தாழ முடிந்த பிறகுதான் ஷட்டர் திறக்கும். 200 தாளத்தில் ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு அடி போடும் டிரம்மர் நொடிக்குப் பதின்மூன்று முறை அடிக்கிறார். எந்தக் கண்ணும் அதைத் துரத்திப் பிடிக்காது.

காது அப்படியில்லை. தாளம் ஒழுங்காகத் திரும்பி வருவதால், அடுத்த தட்டு எப்போது விழும் என்று காதுக்கு முன்பே தெரியும். நீங்கள் கையைத் தட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும்போது சத்தம் வந்த பிறகா தட்டுகிறீர்கள்? சத்தத்தோடு சேர்ந்துதானே தட்டுகிறீர்கள். ஷட்டரையும் அப்படித்தான் தட்ட வேண்டும். இந்த அத்தியாயத்தில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

ஏரிக்கரையில் பழகுவது

இதற்கான முதல் பாடம் வீச்சு வலை. காலையில் கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலை வீசுவதை எடுத்துப் பாருங்கள். வலை முழு வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பு அந்தரத்தில் நிற்பது ஒரு கணம்தான். வலை விரிந்ததைப் பார்த்து அழுத்தினால் தண்ணீரில் விழுந்த வலைதான் கிடைக்கும். வீசுகிறவரின் இடுப்பு திரும்பும்போதே விரல் கிளம்ப வேண்டும். ஐம்பது வீச்சு எடுத்தால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பாடம் பறை. ஒரு திருவிழாவில் அடி மாறும் கணத்தை எடுக்க முயன்று தவறவிட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கணத்தில்தான் செட்டு முழுவதும் ஒன்றாகக் குனிந்து திரும்பும். இடைவேளையில் மூத்த கலைஞர் ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணா, அடி எப்போ மாறும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"என் கையப் பாக்காத தம்பி, காதக் குடு. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இருக்கும்."

அந்த இழுப்பு மெட்டலிலும் உண்டு. பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் டிரம்மர் தன் எல்லா டிரம்களிலும் ஓர் உருட்டு உருட்டுவார். அதை ஃபில் என்பார்கள். உருட்டு முடிந்த மறுதட்டில் கிட்டார்கள் ஒன்றாக இறங்கும், தலைகள் ஒன்றாகச் சாயும், கூட்டம் ஒன்றாகக் குதிக்கும். உருட்டு கேட்டதும் ஃபோகஸைப் பூட்டி, இறங்கும் தட்டுக்கு அழுத்துங்கள்.

வேகம் திடீரெனக் குறைந்து கனமாக இறங்கும் பகுதிக்குப் பிரேக்டவுன் என்று பெயர். மெட்டலில் படம் எடுக்கச் சிறந்த இடம் அதுதான். ஆட்டம் பெரிதாகும், தாளம் மெதுவாகும், இரண்டும் உங்களுக்குச் சாதகம்.

பறையும் டிரம்ஸும் ஒரே மேடையில் நிற்பதைப் பார்க்க விரும்பினால் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் நிகழ்ச்சிப் பதிவுகளைப் பாருங்கள். 2018 ஜனவரி 6-இல் கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் மேடை நடந்தது. கானா, பறை, எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. பத்தொன்பது பேர் நிற்கும் மேடையில் யாரை எப்போது பார்ப்பது என்று பழக அது நல்ல பாடம்.

கேமராவை எப்படி வைப்பது

விலை உயர்ந்த லென்ஸ் வேண்டாம். 50 எம்எம் எஃப் 1.8 போதும், பெரும்பாலான கம்பெனிகளில் மலிவாகக் கிடைக்கும் லென்ஸ் அதுதான். சின்ன அறையில் 35 எம்எம் இன்னும் வசதி. கல்யாண வேலைக்கு வைத்திருக்கும் கிட் லென்ஸின் ஜூம் முனையில் அபர்ச்சர் 5.6-க்குப் போய்விடுவதால் வெளிச்சம் போதாது.

தொடக்கத்துக்கு இந்த அளவுகளில் வையுங்கள்:

- மேனுவல் மோடு.
- அபர்ச்சர் எஃப் 2 முதல் 2.8 வரை.
- ஷட்டர் ஸ்பீடு 1/320. தாளத்துக்குத் தலையைச் சுழற்றும் ஹெட்பேங்கிங் அதிகம் என்றால் 1/500.
- ஐஎஸ்ஓ 3200. போதாவிட்டால் 6400.
- ரா ஃபைல்.
- ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம், ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள்.
- ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், தொடர் ஃபோகஸ் மோடில்.

எஃப் 1.8-க்கு முழுதாகத் திறக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். முழுச் சட்டக கேமராவில் 50 எம்எம் லென்ஸோடு இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான். தலையை ஒருமுறை முன்னால் சாய்த்தால் அதைத் தாண்டிவிடுவார். 2.8-க்கு மூடினால் 27 சென்டிமீட்டர் கிடைக்கும். வெளிச்சம் இடம் கொடுத்தால் கொஞ்சம் மூடுவதே நல்லது.

ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி வரும். வரட்டும். மெட்டல் படத்தில் புள்ளியைக் குறை சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. தெரியாமல் நடுங்கிய படத்தைத்தான் யாரும் கேட்பதில்லை.

தெரிந்தே நடுங்கவிடுவது வேறு. தி கிளாஷ் குழுவின் பால் சைமனன் 1979-இல் நியூயார்க் மேடையில் தன் பேஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிப்பதைப் பென்னி ஸ்மித் படம் எடுத்தார். ஃபோகஸ் சரியில்லை, இது வேண்டாம் என்றார் அவரே. குழு பிடிவாதமாக அதையே 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டையாக்கியது. ராக் இசையில் மிகவும் பேசப்படும் படங்களில் அது ஒன்றாகிவிட்டது. கூர்மை குறைந்த ஒரு படத்தில் உடல் சரியான தட்டில் நிற்கிறது என்றால் அழித்துவிடாதீர்கள்.

விளக்கோடு மல்லுக்கட்டுவது

சின்ன அரங்கின் முதல் எதிரி சிவப்பு எல்இடி. சிவப்பு மட்டும் அடிக்கும்போது முகம் குங்குமம் அப்பியதுபோல் ஒரே தட்டையாகிவிடும். கண், மூக்கு, வியர்வை எதுவும் தெரியாது. கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று பொய் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். முடிந்தால் காத்திருங்கள், விளக்கும் தாளத்தோடுதான் மாறுகிறது, வெள்ளையோ மஞ்சளோ வரும் தட்டு ஒன்று இருக்கும். சவுண்ட் செக் நேரத்தில் விளக்குப் போடுகிறவரிடம் போய், "அண்ணா, முன்னாடி இருந்து ஒரு வெள்ளை லைட் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் பல நேரம் கிடைக்கும்.

இரண்டாவது தொல்லை, எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுவது. மிரர்லெஸ் கேமராவில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். அதிலும் பட்டை லேசாக வந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஊர் மேடையில் பழைய சோக் வைத்த டியூப்லைட் இருந்தால் கதை வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை சிமிட்டும். 1/100 ஷட்டரில் எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். 1/320-இல் எடுத்தால் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக வரும். ஆட்டத்தை நிறுத்த வேகம் வேண்டுமென்றால் நாலைந்து படம் தொடர்ந்து எடுத்து நல்லதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷ்? குழுவைக் கேட்காமல் போடவே கூடாது. இருட்டில் உட்கார்ந்து நொடிக்குப் பதின்மூன்று அடி போடுகிறவரின் கண்ணில் ஃப்ளாஷ் அடிப்பது, தூண்டில்காரன் கண்ணில் டார்ச் அடிப்பதுபோல்.

யாரை, எங்கிருந்து

பாடகர்: மைக் வாயை மறைக்கும். நேர் முன்னால் நிற்காமல், மைக் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மெட்டல் பாடகர்கள் பலர் இரண்டு கையாலும் மைக்கைப் பொத்திக்கொள்வார்கள், முகமே தெரியாது. அலறல் முடிந்து மைக் இறங்கி, மூச்சு இழுக்கும் அந்த அரை நொடிக்குக் காத்திருங்கள். அலறும் முகத்தைவிட அலறி முடித்த முகத்தில் நிறைய இருக்கும்.

வாசித்துக்கொண்டே பாடுகிறவர்: இவர் மைக் ஸ்டாண்டை விட்டு நகர முடியாது. 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழுவின் கதிரசன் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். இப்படிப்பட்டவர் எங்கே நிற்பார் என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். அவருக்கான இடத்தையும் ஃபோகஸையும் அப்போதே முடிவு செய்துவிட்டு, பாடாத இடங்களில் அவர் பின்வாங்கித் தலையைச் சுழற்றுவதற்குக் காத்திருங்கள்.

கிட்டாரிஸ்ட்: தலைமுடி மேலே எழும்பி, திரும்பி விழப்போகும் உச்சியில் கணப்பொழுது நிற்கும். தட்டோடு தலை கீழே போகிறது. இரண்டு தட்டுக்கு நடுவில் முடி மேலே நிற்கிறது. ஆகவே முடிக்குத் தட்டின் நடுவில் அழுத்துங்கள், கைக்குத் தட்டின் மேல் அழுத்துங்கள். சாமி வந்து ஆடுகிறவரின் கூந்தலைப் பார்த்திருப்பீர்கள். அசைவின் கணக்கு அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. கச்சேரிக்காரர் படம் எடுக்கப்படுவது தெரிந்து மேடையேறுகிறார். சாமியாடுகிறவர் அப்படியில்லை. அவரையோ வீட்டாரையோ கேட்காமல் அந்தப் படத்தை வெளியே விடாதீர்கள்.

கிட்டாரின் கழுத்து முனையை வெட்டிவிடாதீர்கள். வலக்கைக்காரர் வாசிக்கும்போது கழுத்து உங்களுக்கு வலப்பக்கம் நீளும். அந்தப் பக்கம் இடம் விட்டு எடுங்கள்.

டிரம்மர்: எல்லோரும் மறந்துவிடுகிற ஆள். சிம்பல்களுக்கு நடுவே முகம் தெரியும் இடைவெளி ஒன்று எப்போதும் இருக்கும். சவுண்ட் செக்கின்போதே தேடி வையுங்கள். பக்கவாட்டில் போக முடிந்தால் இன்னும் நல்லது. டிரம்மருக்குப் பின்னாலிருந்து எடுத்தால் அவர் முதுகும், எதிரே கூட்டமும் ஒரே படத்தில் வரும். குழு அனுமதித்தால் மட்டும், ஒரே ஒரு பாட்டுக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். வயரை மிதிக்காதீர்கள்.

நெரிசலில் பாடு முறை

மாஷ் பிட் என்பது மேடைக்கு முன்னால் கூட்டத்தினர் ஒருவரையொருவர் இடித்துக் குதிக்கும் இடம். பார்க்கச் சண்டைபோல் இருக்கும். அதற்கும் சட்டம் உண்டு: விழுந்தவரை முதலில் தூக்கிவிட வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்தால் கேமராவைத் தோளில் போட்டுவிட்டுக் கை கொடுங்கள், படம் அப்புறம்.

முதுகைத் தூணிலோ சுவரிலோ கொடுத்து நில்லுங்கள். கேமரா வாரைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள்.

முன்வரிசை இடத்துக்கு நம் ஏரியிலேயே ஒரு நல்ல முறை இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை யாரும் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வதில்லை. பாடு முறையில் சீட்டுப் போட்டு, முறைவைத்து மாறி மாறி வலை கட்டுகிறார்கள். மேடை முன்னாலும் நல்ல இடம் ஒன்றிரண்டுதான். இரண்டு பாட்டு எடுத்துவிட்டு நகர்ந்து, அடுத்த கேமராக்காரருக்கு இடம் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் காசு கொடுத்து வந்து நிற்கும் ரசிகருக்கும் அதில் ஒரு பாடு உண்டு. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி அவர் பார்வையை மறைக்காதீர்கள்.

காது, கேமரா, ரயில்

காதால் எடுக்கச் சொல்லிவிட்டு அந்தக் காதைக் காப்பாற்றச் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இசை அரங்குகளுக்கு வைத்த உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். சின்ன அறையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதைத் தாண்டுவது சாதாரணம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் போடுங்கள். தாளம் அப்போதும் நன்றாகவே கேட்கும், நெஞ்சிலும் கேட்கும்.

ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்ததும் லென்ஸில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். ஏரிக்கரைக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்று லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். இரவு வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் வெளிப்பக்கம் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

கச்சேரி சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. கடைசி ரயில் சொன்ன நேரத்துக்குப் போய்விடும். கிளம்பும்போதே திரும்புகிற வண்டியைப் பார்த்து வையுங்கள், அல்லது தங்க ஓர் இடம்.

யாருக்கு, எத்தனை

முந்நூறு படத்தையும் அனுப்பாதீர்கள். இருபது போதும். குழுவில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு படம், எல்லோரும் சேர்ந்து ஒன்று, கூட்டம் ஒன்று, அறை முழுதும் தெரியும்படி ஒன்று. இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள். காசு பேசியிருந்தால் முன்பே எழுத்தில் இருக்கட்டும். பேசாவிட்டால் படத்தோடு உங்கள் பெயர் வர வேண்டும் என்றாவது சொல்லிவையுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். குழு அன்று வாசித்த பாட்டைப் போட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள். எந்தப் படம் பாட்டின் எந்தத் தட்டில் நிற்கிறது என்று சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி

1. கரையில் வீச்சு வலை ஐம்பது முறை எடுங்கள். பர்ஸ்ட் கூடாது, ஒரு வீச்சுக்கு ஒரு படம்.

2. அடுத்த திருவிழாவில் பறை செட்டின் முன் முதல் பத்து நிமிடம் கேமராவை எடுக்காமல் நில்லுங்கள். அடி மாறும் ஒவ்வொரு முறையும், மாறுவதற்கு முன்பே விரலால் தொடையைத் தட்டுங்கள். மூன்றில் இரண்டு முறை சரியாக விழுந்தால் கேமராவைத் திறக்கலாம்.

3. எடுக்கப்போகும் குழுவின் பாட்டு ஒன்றை வீட்டில் பத்து முறை கேட்டு, உருட்டு வரும் இடங்களை நோட்டில் எழுதுங்கள்.

4. திருவிழா முடிந்ததும் பறை அடித்தவர்களுக்கு ஆளுக்கொரு படம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று அவர்களே கூப்பிட்டு நிறுத்துவார்கள். என்னை நிறுத்தினார்கள்.